கேஸ் போக்க அல்ல, கேஸ் உண்டாக்க ஒரு மருந்து!

வயிற்று எக்ஸ்ரேவுக்கு முன் தரப்படும் நுரைக்கும் பொடி: யார் சாப்பிடலாம், யார் கூடாது, எப்படிச் சாப்பிட வேண்டும்?

காலை எட்டு மணிக்கெல்லாம் கோவையின் பெரிய மருத்துவமனைகளில் எக்ஸ்ரே அறை வாசல் நிறைந்துவிடும். தாராபுரம், உடுமலை, கோபி, அந்தியூர் என்று பல ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள், பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடக் காத்திருப்பார்கள். இந்த மாதிரி இடங்களில் ஓர் உரையாடல் அடிக்கடி காதில் விழும்.

"வெறும் வயித்துலதான வந்திருக்கீங்க?"

"ஆமாங்க, ஒண்ணுமே சாப்பிடலீங்க. காந்திபுரத்துல எறங்குனதும் ஒரு டீ மட்டுந்தானுங்க குடிச்சேன்."

அந்த ஒரு டீயால் அன்றைய பரிசோதனை தள்ளிப்போகலாம். 'டீ என்ன சாப்பாடா?' என்று நோயாளிக்குக் கோபம் வரும். 'அப்பவே சொன்னோமே' என்று ஊழியருக்குச் சலிப்பு வரும்.

ஒழுங்காக வெறும் வயிற்றில் வந்தவருக்கும் உள்ளே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சின்னப் பாக்கெட்டில் வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுத்து, "இதை வாயில போட்டு, இந்தத் தண்ணியைக் குடிச்சு டக்குனு முழுங்குங்க. ஏப்பம் வரும், விடக் கூடாது" என்பார்கள். கேஸ் தொந்தரவு என்று டாக்டரிடம் போனவருக்கு, கேஸ் உண்டாக்கும் மருந்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

நம் வீடுகளில் 'கேஸ் மாத்திரை' என்றால் வாயுவைக் குறைக்கும் மாத்திரை. இது நேர் எதிர். வயிற்றுக்குள் போனதும் வேண்டுமென்றே வாயுவை உண்டாக்கும் மருந்து. பேரியம் குடித்து எடுக்கும் வயிற்று எக்ஸ்ரேயிலும், சில வகை சி.டி. ஸ்கேன்களிலும் இது பயன்படுகிறது. சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், சரியான அளவில் கொடுத்தால் இது மிகவும் பாதுகாப்பானது. ஆனால், வயிற்றில் அடைப்போ ஓட்டையோ இருப்பவருக்கு இதே பொடி ஆபத்தாகிவிடலாம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் நோயாளி வாய் திறந்து சொல்லும் ஓரிரு தகவல்களில்தான் இருக்கிறது.

சுருங்கிய பையை விரிக்க

பட்டினியாக இருக்கும்போது நம் இரைப்பை ஒரு காலிப் பை போலச் சுருங்கிக் கிடக்கும். உள்சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே ஒரு சிறு புண்ணோ, மொட்டு போன்ற கட்டியோ இருந்தால் வெளியே தெரியாது. கசங்கிய சட்டையில் கறை எங்கே என்று தேடுவது போலத்தான். சட்டையை நன்றாக விரித்துப் பிடித்தால் கறை கண்ணில் படும்.

வாயு மருந்து செய்வது அந்த விரிக்கும் வேலை. இதில் முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட். இன்னொன்று சிட்ரிக் அமிலம் அல்லது டார்டாரிக் அமிலம். சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலும், டார்டாரிக் அமிலம் புளியிலும் திராட்சையிலும் இருக்கின்றன. காய்ந்த பொடியாக இருக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பொங்க வைக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி விடுவதும் இதே வாயுதான்.

1 கிராம் சோடா உப்பு முழுவதுமாக வினைபுரிந்தால், உடல் வெப்பநிலையில் சுமார் 300 மில்லி வாயு உண்டாகும். பரிசோதனைக்குத் தரும் பாக்கெட்டில் பொதுவாக 2 கிராம் அளவுக்குச் சோடா உப்பு இருக்கும். கொஞ்சம் வாயு ஏப்பத்திலும் குடலுக்குள்ளும் போனாலும், மிச்சமிருப்பது இரைப்பையை நன்றாக விரிக்கப் போதும்.

பல பாக்கெட்டுகளில் மூன்றாவதாக சிமெதிகோன் என்ற பொருளும் கொஞ்சம் சேர்க்கப்படுகிறது. இது நுரையை உடைக்கும். வாயு வேண்டும், நுரை மட்டும் ஏன் வேண்டாம்? எக்ஸ்ரே படத்தில் நுரைக் குமிழி ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டால் பார்ப்பதற்குச் சின்னக் கட்டி போலவே தெரியும். இல்லாத கட்டியைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது.

வாயுவோடு பேரியம் சல்பேட் என்ற வெள்ளைக் குழம்பையும் குடிக்க வைப்பார்கள். பேரியம் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். அதனால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வாயு கதிரை அப்படியே விட்டுவிடும். அதனால் கறுப்பாகத் தெரியும். வாயுவால் விரிந்த சுவரில், சுண்ணாம்பு அடித்தது போல பேரியம் மெல்லிசாகப் படியும்போது, சுவரின் சின்னச் சின்ன மேடு பள்ளம்கூடப் படத்தில் பதிவாகும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் இதற்கு 'டபுள் கான்ட்ராஸ்ட்' என்று பெயர்.

ஜப்பானின் எக்ஸ்ரே பஸ்கள்

எக்ஸ்ரே கதிரை ரான்ட்ஜென் கண்டறிந்தது 1895-ல். எலும்பு தெரிந்தது, ஆனால் வயிறு தெரியவில்லை. அடுத்த சில ஆண்டுகளிலேயே, எக்ஸ்ரே கதிர் ஊடுருவாத பொருளை உணவோடு கலந்து கொடுத்துப் பார்க்கும் வழி வந்தது. முதலில் பிஸ்மத். 1910 வாக்கில் அதைவிட மலிவான, பாதுகாப்பான பேரியம் சல்பேட் வந்தது.

வாயுவையும் பேரியத்தையும் சேர்த்து மிக நுட்பமான படம் எடுக்கும் கலையை வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். 1950-களில் ஷிரகாபே ஹிகோவோ என்ற டாக்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் இதைச் செம்மைப்படுத்தினார்கள். அந்த நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். முற்றிய பிறகு கண்டுபிடித்தால் காப்பாற்றுவது கடினம். சுவரின் மேல்தோலில் மட்டும் இருக்கும்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம். 1960-ல் மியாகி மாகாணத்தில் எக்ஸ்ரே கருவியைப் பஸ்ஸில் பொருத்தி, ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது நாடு முழுக்கப் பரவியது. நுரைக்கும் பொடியை விழுங்கிவிட்டு ஏப்பத்தை அடக்கிக்கொண்டு நிற்பது, அங்கே பல தலைமுறைகளுக்கு வருடாந்திர வழக்கம்.

ஒரு சின்னப் பாக்கெட் பொடியால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வயிறு சரியாக விரியாத படத்தில், சின்னப் புற்று மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டு வயிற்றுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை

இந்த மருந்து எப்போது ஆபத்தாகும் என்பதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டின் பழைய வயிற்று நோய் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஆங்கிலேய டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், மலை ஏறியதோடு ஊர் திரும்பிவிடவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வந்து பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். அவர் அதிகம் பார்த்த நோய்களில் ஒன்று, சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண். 'டியோடினல் அல்சர்' என்பார்கள். தென்னிந்தியாவில் இது அப்போது மிகச் சாதாரணம். புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வாசலே சுருங்கிவிடும். சாப்பிட்டது கீழே இறங்காது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்றைக்கு வாந்தியில் வரும். நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும், இப்படிப்பட்ட புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே காரணம் என்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாத்திரையிலேயே அல்சர் குணமாகிறது. வாசல் சுருங்கும் அளவுக்கு முற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இன்றும் சிலருக்கு, பழைய புண்ணாலோ இரைப்பைப் புற்றாலோ அந்த அடைப்பு வருகிறது. வயிற்றுப் புற்று தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது.

இப்படி அடைப்பு உள்ளவர் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாகாது. அவர் 'வெறும் வயிறு' என்று நம்பி வருவார். உள்ளே முந்தின நாள் சாப்பாடு அப்படியே இருக்கும். அதன்மேல் வாயுவை உண்டாக்கினால் வெளியேற வழி இருக்காது.

நிறைந்த வயிறும் சோடா உப்பும்

வயிறு நிறைந்திருக்கும்போது வாயு என்ன செய்யும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1979-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மந்தமாக இருக்கிறதே என்று சமையல் சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து குடித்தார். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாத வயிற்று வலி. ஆபரேஷனுக்குத் திறந்து பார்த்தபோது, அவருடைய இரைப்பைச் சுவர் கிழிந்திருந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு உயிர் பிழைத்தார். 1984-ல் மருத்துவ இதழில் இது பதிவானது. பின்னாளில் அந்த நாட்டில் சோடா உப்பு டப்பாவில், வயிறு நிறைய உண்ட, குடித்த நிலையில் இதைச் சாப்பிட வேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது.

இது மிக மிக அரிதான நிகழ்வு. வீட்டில் ஒரு பாக்கெட் ஈனோ குடித்தவர் யாரும் பயப்படத் தேவையில்லை. அந்தச் சம்பவத்தில் வாயு மட்டும் குற்றவாளி அல்ல. உணவாலும் பானத்தாலும் ஏற்கெனவே இழுபட்டு நின்ற இரைப்பை அது. பரிசோதனைக் கூடத்தில் 'காலையில டீ கூட வேண்டாம்' என்று கறாராகச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வயிற்றில் உணவோ பானமோ இருந்தால் பேரியம் சுவரில் ஒட்டாது, படம் கெட்டுப்போகும். வாயு விரிவதற்கு இடமும் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லாமல் இருக்காதீர்கள்

டாக்டர் கேட்காவிட்டாலும், கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ இருந்தால், பொடியை வாயில் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

திடீரென்று வந்த கடுமையான வயிற்று வலி, பலகை போல இறுகிய வயிறு: இது குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை விழுந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். இவர்களுக்கு வாயு மருந்தும் கூடாது, பேரியமும் கூடாது. பேரியம் வயிற்று அறைக்குள் கசிந்தால் கடுமையான அழற்சி வரும். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை இது.

வயிறு வீங்கி, மலமும் காற்றும் போகாமல் இருத்தல். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வருதல். முந்தின நாள் உணவு வாந்தியில் வருதல்: அடைப்பு இருக்கலாம்.

சமீபத்தில் எண்டோஸ்கோபியில் சதை எடுத்திருந்தால், கட்டி நீக்கியிருந்தால், வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தால்: அந்த இடம் ஆறும்வரை வாயுவின் அழுத்தம் நல்லதல்ல. எத்தனை நாள் ஆயிற்று என்று தேதியோடு சொல்லுங்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம்: முதலில் செய்ய வேண்டியது வேறு பரிசோதனை.

விழுங்குவதில் சிரமம், பக்கவாதம் வந்தவர்கள், தண்ணீர் குடித்தாலே புரையேறுபவர்கள்: பொடி வாயிலேயே நுரைத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விட வாய்ப்பு உண்டு.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு, கட்டுக்கடங்காத பி.பி.: சோடா உப்பில் சோடியம் இருக்கிறது. 2 கிராமுக்குச் சற்று மேல் சோடா உப்பு உள்ள பாக்கெட்டில் சுமார் 600 மி.கி. சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒருமுறை சாப்பிடுவதால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், உப்பைக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பம், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம்: இது எக்ஸ்ரே பரிசோதனை. கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பேரியத்தால் தடையில்லை. அது உடலில் உறிஞ்சப்படுவதில்லை.

கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்பில் கோளாறு: வயிறு அசையாமல் இருக்கச் சில இடங்களில் ஓர் ஊசி போடுவார்கள். அந்த ஊசி இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

முந்தின நாளும் அன்று காலையும்

பொதுவாக முந்தின நாள் இரவு எளிதான உணவாக, நேரத்தோடு சாப்பிட்டுவிட வேண்டும். அதன்பிறகு குறைந்தது 6 முதல் 8 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணியிலிருந்து தண்ணீரும் கூடாது என்பதை உங்கள் மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கறிக் குழம்பும் பரோட்டாவும் அன்றிரவு வேண்டாம்.

காலையில் டீ, காபி, இளநீர், கம்பங்கூழ் எதுவும் கூடாது. பலர் மறப்பது வெற்றிலை பாக்கு, பீடி, சிகரெட், சூயிங்கம். இவை வயிற்றில் நீரைச் சுரக்க வைக்கும். வாய்க்குள் மென்றதுதானே என்று நினைக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினியாக பஸ் ஏறக் கூடாது. வழியிலேயே சர்க்கரை குறைந்து மயக்கம் வரலாம். அன்றைய மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் கூட ஒருவரை அழைத்து வருவது நல்லது.

அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி எதுவும் அடுத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். பேரியம் சில நாள் குடலில் தங்கி அந்தப் படங்களைக் கெடுக்கும். எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம்.

ஏப்பத்தை அடக்கும் கலை

பொடியை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் வீட்டு ஈனோவுக்கும் இதற்கும் வித்தியாசம். வீட்டில் பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, பொங்கி அடங்கிய பிறகு குடிக்கிறோம். வாயுவில் பெரும்பகுதி டம்ளரிலேயே போய்விடுகிறது. பரிசோதனையில் வாயு வயிற்றுக்குள்தான் உண்டாக வேண்டும். அதனால் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரோடு, நுரைக்க விடாமல் சட்டென்று விழுங்கச் சொல்வார்கள். நம் ஊரில் சில எக்ஸ்ரே அறைகளில் பரிசோதனைக்கும் இதே பழ உப்புப் பொடியைத்தான் கொடுக்கிறார்கள். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், சாப்பிடும் விதம் வேறு. வீட்டில் யாரும் இப்படி முயன்று பார்க்கக் கூடாது.

வாயில் வைத்துக்கொண்டு யோசித்தால் அங்கேயே நுரை பொங்கி இருமல் வரும். மென்று தின்னவும் கூடாது. விழுங்கிய சில நொடிகளில் வயிறு உப்பி, நெஞ்சு வரை ஏதோ ஏறுவது போல இருக்கும். இது இயல்பு. ஏப்பம் முட்டிக்கொண்டு வரும்போது வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, எச்சிலை விழுங்குங்கள். பேசாதீர்கள். குனியாதீர்கள். கூட வந்தவர்கள் சிரிப்பு மூட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு பேரியத்தைக் குடித்ததும், எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில், குப்புற, மல்லாக்க என்று உருளச் சொல்வார்கள். மேசையே சாயும், நிமிரும். பேரியம் எல்லாச் சுவரிலும் படியத்தான் இந்த உருட்டல். முட்டி வலி, முதுகு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் முதலிலேயே சொன்னால் மெதுவாகச் செய்வார்கள்.

மீறி ஏப்பம் வந்துவிட்டால்? வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மறைக்காதீர்கள். "ஏப்பம் வந்துருச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், தேவைப்பட்டால் இன்னொரு பாக்கெட் கொடுத்துத் தொடர்வார்கள். சொல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதேசமயம் இது வீம்பு பிடிக்கும் இடமும் அல்ல. உப்புசம் வேறு, தாங்க முடியாத வலி வேறு. வலி கடுமையாக இருந்தால், மூச்சு முட்டினால், உடனே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். பரிசோதனையை நிறுத்துவார்கள்.

பொடியைக் கையாளும் கூடங்களுக்கும் ஒரு கவனம் தேவை. காற்றின் ஈரம் பட்டாலே இந்தப் பொடி தன் வேலையைத் தொடங்கிவிடும். கட்டி தட்டிய, ஓட்டை விழுந்த, காலாவதியான பாக்கெட்டில் வாயு குறைவாகவே வரும். உங்கள் முன்னால் பிரிக்கும் பாக்கெட் உதிரியான பொடியாக இருக்கிறதா என்று நீங்களும் ஒரு பார்வை பார்க்கலாம்.

முடிந்த பிறகு

படம் எடுத்து முடிந்ததும் தாராளமாக ஏப்பம் விடலாம். உப்புசம் சற்று நேரத்தில் தானாக அடங்கும். அடுத்த ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும். பயப்பட வேண்டாம், அது பேரியம். ஆனால் அது குடலில் தங்கினால் இறுகி மலச்சிக்கலை உண்டாக்கும். அதனால் நிறையத் தண்ணீர் குடித்து, கீரை, பழம், நார்ச்சத்து உள்ள உணவைச் சாப்பிடுங்கள். தண்ணீர் அளவு குறைக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். மூத்தவர்களுக்குச் சில நேரம் மலமிளக்கியும் தருவார்கள்.

அசைவை நிறுத்தும் ஊசி போட்டிருந்தால் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கலாம். தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

இரண்டு மூன்று நாளாகியும் மலம் போகவில்லை, வயிறு வீங்குகிறது, வாந்தி வருகிறது என்றால் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். கடுமையான வயிற்று வலி, தோள்பட்டை வரை பரவும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், உடம்பில் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கலாம்.

எண்டோஸ்கோபி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. கேமரா குழாயை உள்ளே விட்டு நேரடியாகப் பார்க்கும் எண்டோஸ்கோபிதான் இன்று முதல் தேர்வு. சந்தேகமான இடத்தில் சதை எடுத்துச் சோதிக்கவும் அதில் முடியும். பேரியம் படத்தில் சந்தேகம் வந்தாலும் கடைசியில் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கச் சிரமம், கறுத்த மலம், ரத்தசோகை, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல் போன்ற அறிகுறிகள் இருந்தால் நேராக அதற்கே போவது நல்லது.

ஆனாலும் குழாய் விழுங்க முடியாதவர்கள், இரைப்பை மேலே நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள், இரைப்பையின் வடிவத்தையும் அசைவையும் அறிய வேண்டியவர்கள் ஆகியோருக்கு பேரியம் படம் இன்றும் உதவுகிறது. இரைப்பைப் புற்று எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் சி.டி. ஸ்கேனிலும், இரைப்பையை விரிக்க இதே பொடியைக் கொடுப்பதுண்டு.

வீட்டில் இருக்கும் பாக்கெட்

பரிசோதனைக்குப் போகாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கறி விருந்துக்குப் பிறகு ஒரு சோடா, நெஞ்சைக் கரித்தால் ஒரு பாக்கெட் ஈனோ என்பது நம் பல வீடுகளின் பழக்கம். எப்போதாவது என்றால் பரவாயில்லை. வாரத்தில் பல நாள் தேவைப்படுகிறது என்றால் அது கேஸ் அல்ல, காரணம் கண்டுபிடிக்க வேண்டிய நோய். பொடி புண்ணின் எரிச்சலைத் தணிக்கும், புற்றின் வலியையும் கொஞ்ச நாள் மறைக்கும். பி.பி. மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதிலுள்ள சோடியமும் ஒரு சுமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் அதைக் 'கேஸ்' என்று முடிவு கட்டி சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மாரடைப்புக்கும் இதே முகம்தான். பொடியைத் தேடும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழைப்பது உயிரைக் காப்பாற்றும்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விக்கு மட்டும் உண்மையான பதிலோடு போனால் போதும். வயிறு நிஜமாகவே காலியா? அடைப்போ, ஓட்டையோ, ஆறாத புண்ணோ இருக்க வாய்ப்பு உண்டா? விழுங்குவதில் சிரமம் உண்டா? காந்திபுரத்தில் குடித்த டீயாக இருந்தாலும் சரி, போன வாரம் செய்த எண்டோஸ்கோபியாக இருந்தாலும் சரி, பொடியைப் பிரிப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். பரிசோதனை இன்னொரு நாள் தள்ளிப்போனால் ஒரு பஸ் டிக்கெட் செலவு. அவ்வளவுதானுங்க.